பூச்சாண்டியும் அடுப்பும்: பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் பயம் எப்படிப் பேசியது?

சமையலறைப் பக்கம் தவழ்ந்து வரும் பிள்ளையிடம் "அடுப்புகிட்ட போகாதே, சுட்டுடும்" என்கிறோம். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்கிறோம். இரண்டுக்கும் பிள்ளை பயப்படும். முதலாவது எச்சரிக்கை, ஏனென்றால் அடுப்பு உண்மையிலேயே சுடும். இரண்டாவது மிரட்டல், ஏனென்றால் பூச்சாண்டி என்று ஒருவன் கிடையாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. "அடுப்பைத் தொட்டால் வீடே பற்றி எரிந்து எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவோம்" என்று சொல்வது. அடுப்பு நிஜம், சூடும் நிஜம், வீடு எரிவது மட்டும் சேர்த்துச் சொன்னது. பிள்ளை ஒருநாள் அடுப்பைத் தொடத்தான் செய்யும். விரல் சுடும், வீடு எரியாது. அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றி நீங்கள் எது சொன்னாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது.

அரசியலில் பயத்தை வைத்து நடக்கும் பிரசாரத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை. உள்ளே ஓர் உண்மை இருப்பதால், சுத்தமான பொய்யைவிட இதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று 2016இல் பிரிட்டனில் நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்பை வைத்து இதைப் பார்க்கலாம். அங்கே இரண்டு தரப்புமே பயமுறுத்தின. என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள், எந்த எண்ணைச் சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் இப்போது நம்மால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

முதலில் கதைச் சுருக்கம். ஐரோப்பிய ஒன்றியம் என்பது ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த கூட்டமைப்பு. அப்போது அதில் 28 நாடுகள் இருந்தன. உறுப்பு நாடுகளுக்குள் சரக்கு போகச் சுங்கத் தடை கிடையாது. ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் போய் வேலை செய்யலாம். பொதுச் செலவுக்கு எல்லா நாடுகளும் பணம் கட்ட வேண்டும். இதில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று மக்களிடமே கேட்கப்போவதாகப் பிரதமர் டேவிட் கேமரன் 2013 ஜனவரியில் வாக்குக் கொடுத்தார். 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது. வெளியேற வேண்டும் என்று 51.9 சதவீதம் பேர், நீடிக்க வேண்டும் என்று 48.1 சதவீதம் பேர். எண்ணிக்கையில் 1 கோடியே 74 லட்சத்துக்கு எதிராக 1 கோடியே 61 லட்சம். மறுநாள் காலையிலேயே கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இந்த வாக்கெடுப்பு நமக்கும் கொஞ்சம் பக்கத்தில் நடந்ததுதான். பிரிட்டனில் முறையாக வசித்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அதில் வாக்கு இருந்தது. அதாவது இந்தியக் குடியுரிமையோடும் இலங்கைக் குடியுரிமையோடும் லண்டனில் வாழ்ந்த தமிழர்கள் வாக்களிக்கலாம். பத்து வருடமாக அங்கேயே வேலை பார்த்த போலந்துக்காரர் வாக்களிக்க முடியாது. யாரைப் பற்றிய பயம் அதிகம் பேசப்பட்டதோ, அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

பெயர் வந்த கதை

பிரெக்ஸிட் பற்றிப் படிக்கிற யாருக்கும் 'புராஜெக்ட் ஃபியர்' என்ற சொல் கண்ணில் படாமல் இருக்காது. 'அச்சத் திட்டம்' என்று சொல்லலாம். நம் வழக்கில் பூச்சாண்டி காட்டுவது. இந்தப் பெயர் பிறந்தது பிரெக்ஸிட்டில் இல்லை. 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று பிரசாரம் செய்த அமைப்பின் அலுவலகத்துக்குள்ளேயே தங்கள் பிரசாரத்துக்கு விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர் இது. வெளியே கசிந்ததும் எதிர்த்தரப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பிரசாரத்தின் சாரம் இதுதான்: தனியாகப் போனால் பவுண்டு நாணயத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது, ஓய்வூதியம் என்னவாகும், வேலைகள் என்னவாகும். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியில் பவுண்டைப் பகிர முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்னார். ஸ்காட்லாந்து 55 சதவீத வாக்குகளோடு பிரிட்டனிலேயே நீடித்தது. இரண்டு வருடம் கழித்து அதே கேமரனும் ஆஸ்போர்னும் ஐரோப்பிய வாக்கெடுப்புக்குத் தயாரானபோது, போன முறை பலித்த மருந்தையே மறுபடி எடுத்தார்கள். அதன் பெயரும் கூடவே வந்தது. இந்த முறை அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர் வெளியேறுவோம் தரப்பின் முன்னணித் தலைவர் போரிஸ் ஜான்சன்.

வீட்டுக்கு 4,300 பவுண்டு

2016 ஏப்ரல் 18 அன்று பிரிட்டன் நிதி அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதிலிருந்து ஒரே ஓர் எண் எல்லாப் பத்திரிகைகளுக்கும் போனது. ஒன்றியத்தை விட்டுப் போனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு.

இதைக் கேட்ட ஒரு சராசரி மனிதருக்கு என்ன புரியும்? என் பையிலிருந்து வருடத்துக்கு 4,300 பவுண்டு போகப்போகிறது என்று புரியும். அறிக்கை சொன்னது அது இல்லை. அறிக்கையின்படி, கனடா செய்துகொண்டது போன்ற ஒரு வணிக ஒப்பந்தத்தோடு பிரிட்டன் வெளியேறினால், 2030ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 6.2 சதவீதம் குறைவாக இருக்கும். அந்தக் குறைவை நாட்டிலுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். 4,300 கிடைத்தது.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. ஓர் ஊரில் விளைந்த நெல்லையெல்லாம் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வீட்டுக்கு இருபது மூட்டை என்று வரலாம். நிலமே இல்லாதவர் வீட்டில் போய்ப் பார்த்தால் அந்த இருபது மூட்டை இருக்காது. நாட்டின் மொத்த உற்பத்தி என்பதும் அப்படித்தான், அது குடும்பத்தின் வருமானம் இல்லை. அப்புறம், 'இழப்பு' என்ற சொல். அறிக்கையின் கணக்குப்படி வெளியேறினாலும் 2030இல் நாடு 2016இல் இருந்ததைவிடப் பணக்கார நாடாகத்தான் இருக்கும், வளர்ச்சியின் வேகம் மட்டும் குறையும். பத்துப் படி ஏற வேண்டியவர் எட்டுப் படி ஏறினார் என்பதை, இரண்டு படி கீழே விழுந்தார் என்று சொன்னால் கேட்பவருக்கு வேறு படம்தானே மனதில் வரும்? மூன்றாவதாக, அறிக்கையில் மூன்று சூழ்நிலைகள் இருந்தன. எப்படி வெளியேறுகிறோம் என்பதைப் பொறுத்து 2,600, 4,300, 5,200 என்று மூன்று எண்கள். மேடைக்கு வந்தது நடு எண் மட்டும், அதுவும் அதோடு ஒட்டியிருந்த நிபந்தனை இல்லாமல்.

இதையெல்லாம் சொல்வதால் அந்த ஆய்வு குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து நாடுகளோடு தடையில்லாத வணிகம் நின்றால் வளர்ச்சி குறையும் என்ற அடிப்படை வாதம் பொருளாதார வல்லுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட ஒன்று. அடுப்பு இருந்தது. அது எந்த அளவு சுடும் என்று மக்களிடம் சொன்ன விதத்தில்தான் கோளாறு.

அடுத்த மாதம், வாக்கெடுப்புக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, மே 23 அன்று இரண்டாவது அறிக்கை வந்தது. என் பார்வையில் உண்மையான சேதத்தைச் செய்தது இதுதான். வெளியேற வாக்களித்த உடனேயே, ஒரு வருடத்துக்குப் பொருளாதாரம் சுருங்கும் என்றது. ஐந்து லட்சம் பேருக்கு வேலை போகும், நிலைமை மோசமானால் எட்டு லட்சம். வீட்டு விலை நீடித்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 10 முதல் 18 சதவீதம் வரை குறையும். பவுண்டின் மதிப்பு 12 சதவீதம் சரியும். ஜூன் 15 அன்று ஆஸ்போர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார். மக்கள் வெளியேறச் சொன்னால் அவசர பட்ஜெட் போட வேண்டிவரும், 3,000 கோடி பவுண்டு பள்ளத்தை நிரப்ப வருமான வரியை உயர்த்தி மருத்துவச் செலவைக்கூடக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார். வயிற்றில் புளியைக் கரைக்கிற பேச்சு. அவருடைய சொந்தக் கட்சியின் எம்.பி.க்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அப்படி ஒரு பட்ஜெட் வந்தால் எதிர்த்து வாக்களிப்போம் என்று அறிவித்தார்கள்.

சரி, என்ன நடந்தது? பவுண்டு சரிந்தது, அது உண்மை. வாக்குப்பதிவு முடிந்த இரவு ஒரு பவுண்டுக்கு 1.50 டாலர் இருந்தது, விடிவதற்குள் 1.32 அளவுக்குப் போய் 1985க்குப் பிறகு மிகக் குறைந்த நிலையைத் தொட்டது. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதில் பணவீக்கம் 2017 நவம்பரில் 3.1 சதவீதத்தை எட்டியது. ஆனால் ஒரு வருடப் பொருளாதாரச் சுருக்கம் வரவில்லை. 2016இன் பிற்பாதியிலும் 2017இலும் பொருளாதாரம் வளர்ந்தது. வேலையில்லாதோர் விகிதம் ஏறுவதற்குப் பதில் இறங்கியது, 2019இல் 4 சதவீதத்துக்கும் கீழே போனது. அவசர பட்ஜெட் வரவே இல்லை. ஜூலையில் ஆஸ்போர்னே பதவியில் இல்லை.

கணிப்பு தவறியதற்குக் காரணங்கள் உண்டு. வாக்களித்த கையோடு வெளியேறும் சட்ட நடவடிக்கை தொடங்கிவிடும் என்று அறிக்கை எடுத்துக்கொண்டது, அது தொடங்கியது 2017 மார்ச் 29 அன்றுதான். மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2016 ஆகஸ்டில் வட்டியை 0.25 சதவீதமாகக் குறைத்துப் பணப்புழக்கத்தை அதிகப்படுத்தியது, அறிக்கை அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மக்கள் பயந்து செலவைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள், மக்கள் வழக்கம்போலக் கடைக்குப் போனார்கள். காரணங்கள் நியாயமானவையாக இருக்கலாம். ஆனால் பொதுமக்கள் மனதில் நின்றது ஒன்றுதான்: புலி வருது என்றார்கள், புலி வரவில்லை.

மறுபக்கத்துப் பயம்

புராஜெக்ட் ஃபியர் என்ற பெயர் நீடிப்போம் தரப்பின் முதுகில் மட்டும் ஒட்டிக்கொண்டதால், வெளியேறுவோம் தரப்பு நம்பிக்கையை மட்டும் பேசியது போல ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. அவர்களும் பயத்தைத்தான் விற்றார்கள். பொருள் மட்டும் வேறு.

அவர்களுடைய சுவரொட்டிகளில் ஒன்று: 'துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது, மக்கள் தொகை 7 கோடியே 60 லட்சம்.' பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒரு திறந்த கதவைப் போல வரையப்பட்டு, அதற்குள் காலடித் தடங்கள் போகும். இன்னொரு பிரசுரத்தின் வரைபடத்தில் துருக்கியை ஒட்டிய சிரியாவையும் ஈராக்கையும் தனியாகக் காட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் சிரியா என்றால் போர், அகதிகள் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும்.

உண்மை நிலவரம் என்ன? துருக்கி 1987இல் விண்ணப்பித்தது. 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. துறைவாரியாகப் பேசி முடிக்க வேண்டிய 35 அத்தியாயங்களில் 2016 வரை முடிந்தது ஒன்றே ஒன்று. புதிதாக ஒரு நாட்டைச் சேர்க்க ஒவ்வொரு உறுப்பு நாடும் சம்மதிக்க வேண்டும். ஒன்றிய உறுப்பு நாடான சைப்ரஸின் வடபகுதியைத் துருக்கிப் படை பிடித்து வைத்திருக்கும் விவகாரம் ஒன்றே போதும், பல ஆண்டுகளுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனாலும் மே 22 அன்று ராணுவத் துறை இணையமைச்சராக இருந்த பென்னி மோர்டன்ட், துருக்கியைத் தடுக்க பிரிட்டனுக்கு வீட்டோ அதிகாரம் இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். அது தவறான தகவல்.

இதிலும் ஓர் உண்மைத் துளி இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதிக் கதை சொன்னவனாவேன். துருக்கியைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் பிரிட்டிஷ் அரசின் அதிகாரப்பூர்வக் கொள்கை. கேமரனே 2010இல் அங்காராவுக்குப் போய் அதற்கு ஆதரவாக ஓங்கிப் பேசியவர். 2016 மார்ச்சில் அகதிகள் ஒப்பந்தத்தின் பகுதியாக இணைப்புப் பேச்சைத் துரிதப்படுத்துவதாக ஒன்றியமும் துருக்கிக்குச் சொல்லியிருந்தது. அதனால் 'துருக்கி வந்தால் நாங்கள் தடுப்போம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லும் நிலையில் கேமரன் இல்லை. குடியேற்றத்தை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே குறைப்பேன் என்ற வாக்குறுதியும் அவருடையதுதான். வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன் வந்த அரசுக் கணக்கோ, 2015இல் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை, 3,33,000 என்றது. காய்ந்த வைக்கோலில் விழுந்த பொறி போல அந்தச் சுவரொட்டி வேலை செய்தது.

ஜூன் 16 அன்று, வெளியேறுவதையே கொள்கையாகக் கொண்ட யு.கே.ஐ.பி. கட்சியின் தலைவர் நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியைத் திறந்து வைத்தார். நீண்ட வரிசையில் மக்கள் நடந்து வரும் புகைப்படம், மேலே 'உடையும் நிலை' என்ற பொருளில் இரண்டு சொற்கள். அந்தப் படம் 2015இல் குரோஷியா–ஸ்லோவேனியா எல்லையில் எடுக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் அகதிகள். ஒன்றியக் குடிமக்கள் பிரிட்டனுக்கு வந்து வேலை செய்யும் உரிமைக்கும் அவர்களுக்கும் தொடர்பே கிடையாது. பாஸ்போர்ட் பார்க்காமல் எல்லை கடக்க விடும் ஷெங்கன் ஏற்பாட்டில் பிரிட்டன் சேரவும் இல்லை. அன்று மதியமே ஜோ காக்ஸ் என்ற தொழிற்கட்சிப் பெண் எம்.பி., யார்க்‌ஷயரில் தன் தொகுதியில் ஒரு தீவிர வலதுசாரியால் கொல்லப்பட்டார். சுவரொட்டிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் அந்த நாட்டுக் காற்று எப்படிக் கனத்துக் கிடந்தது என்பதை அந்த ஒரு நாளை நினைக்காமல் புரிந்துகொள்ளவும் முடியாது. இரண்டு தரப்பும் சில நாள்கள் பிரசாரத்தை நிறுத்தின.

எல்லாரும் அறிந்த சிவப்புப் பேருந்துக்கு வருவோம். 'ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம் என்.எச்.எஸ்.ஸுக்குக் கொடுப்போம்' என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. என்.எச்.எஸ். என்பது அங்கே எல்லோருக்கும் இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவ அமைப்பு, அந்த மக்கள் உயிராக நினைப்பது.

2015ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் கட்ட வேண்டிய மொத்தம் 1,780 கோடி பவுண்டு. ஆனால் 1984இல் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி ஒன்று உண்டு, அந்த ஆண்டு அது 490 கோடி. அந்தப் பணம் பிரிட்டனை விட்டுக் கிளம்புவதே இல்லை. ஆயிரம் ரூபாய் விலை போட்ட புடவைக்கு 275 ரூபாய் தள்ளுபடி போக 725 கொடுத்துவிட்டு வந்தால், ஆயிரம் ரூபாய் செலவாயிற்று என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். அனுப்பிய 1,290 கோடியிலும் சுமார் 440 கோடி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்குமாக அரசு வழியே திரும்பி வந்தது. நிகரமாகப் போனது 850 கோடி, வாரத்துக்குச் சுமார் 16 கோடி. பேருந்தில் இருந்த எண்ணில் பாதிகூட இல்லை. அரசு செலவழிக்கும் நூறு பவுண்டில் ஏறக்குறைய ஒரு பவுண்டு.

புள்ளியியல் ஆணையத்தின் தலைவர் ஆண்ட்ரூ டில்நாட் வாக்கெடுப்புக்கு முன்பே இந்த எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று எழுத்தில் சொன்னார். பேருந்து நிற்கவில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. '35 கோடி இல்லை, 16 கோடிதான்' என்று எதிர்த்தரப்பு ஒவ்வொரு முறை திருத்தும்போதும், கேட்பவர் மனதில் 'ஆக, வாராவாரம் கோடிகள் போகத்தான் செய்கிறது' என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. திருத்தமே விளம்பரமாயிற்று. அந்தப் பிரசாரத்தை இயக்கிய டொமினிக் கம்மிங்ஸ், இந்த 35 கோடியும் என்.எச்.எஸ்.ஸும் இல்லாமல் வென்றிருக்க முடியாது என்றே தாங்கள் எண்ணுவதாகப் பிறகு எழுதினார்.

இதை ஏன் பயப் பிரசாரத்தில் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். மேலே பார்த்தால் நம்பிக்கை வாசகம்தான். உள்ளே இருப்பது இழப்பு உணர்வு: உன் தாயின் ஆபரேஷனுக்கான பணம் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது. மனித மனம் நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைத்த வருத்தத்தை அதிகமாக உணரும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வில் விளக்கினார்கள். பயப் பிரசாரம் எல்லா நாட்டிலும் எல்லாக் கட்சிக்கும் உதவுவதற்கு இதுவே அடிப்படை. பெறப்போவதைச் சொன்னால் யோசிக்கலாம் என்போம். பறிபோவதைச் சொன்னால் எழுந்து நிற்போம்.

ஆனால் எல்லாப் பயமும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. வாக்கெடுப்புக்கு முன் இப்சோஸ் மோரி நடத்திய கருத்துக்கணிப்பில், 35 கோடி என்ற கூற்றை ஏறக்குறைய பாதிப் பேர் உண்மை என்று நம்பினார்கள். 4,300 பவுண்டு இழப்பை நம்பியவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளியது. ஒன்று, இப்போது உன்னிடமிருந்து போகிறது என்றது. மற்றொன்று, பதினான்கு வருடம் கழித்து உனக்கு வராமல் போகும் என்றது. கண் முன்னே தெரியும் எல்லைக் கதவும் பேருந்தும் படமாக மனதில் நிற்கும். மொத்த உற்பத்தியில் 6.2 சதவீதம் எந்தப் படமாகவும் நிற்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அரள வைக்க முதலில் ஓர் உருவம் வேண்டும்.

யார் தடுத்திருக்க வேண்டும்?

ஒரு சோப்பு விளம்பரம் பொய் சொன்னால் பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் அதை நிறுத்தச் சொல்லும். தேர்தல், வாக்கெடுப்பு விளம்பரங்கள் 1999 முதல் அதன் வரம்புக்குள் வருவதில்லை. புள்ளியியல் ஆணையம் கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது. நாடாளுமன்றத்தின் நிதிக் குழு, ஆண்ட்ரூ டைரியின் தலைமையில், மே மாதக் கடைசியில் இரண்டு தரப்பையும் சேர்த்தே கண்டித்தது. 35 கோடியும் தவறாக வழிநடத்துகிறது, 4,300ஐக் குடும்பத்தின் பணம் போலப் பேசுவதும் தவறாக வழிநடத்துகிறது, இருவரும் ஆயுதப் போட்டி போலக் கூற்றுகளைக் குவிக்கிறார்கள் என்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் அவசர பட்ஜெட் மிரட்டல்.

அரசு வேறு, தரப்பு வேறு என்ற கோடும் அழிந்துபோனது. 93 லட்சம் பவுண்டு பொதுப்பணத்தில் அரசே நீடிப்பதற்கு ஆதரவான துண்டறிக்கையை அச்சிட்டு வீடு வீடாக அனுப்பியது. அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா லண்டனுக்கே வந்து, வெளியேறினால் வணிக ஒப்பந்தத்துக்கு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும் என்றார். சர்வதேச நிதியமும் எச்சரித்தது. ஒவ்வொன்றும் தனியாக நியாயமான கருத்தாக இருக்கலாம். எல்லாம் ஒரே திசையிலிருந்து ஒரே சமயத்தில் வந்தபோது, சாதாரண மனிதருக்கு அது மேலிடம் கூடி நம்மை மிரட்டுகிறது என்று பட்டது. வெளியேறுவோம் தரப்பின் இன்னொரு முன்னணித் தலைவர் மைக்கேல் கோவ் ஜூன் 3 அன்று தொலைக்காட்சியில், எப்போதும் தப்பாகவே சொல்லும் அமைப்புகளின் வல்லுநர்களைக் கேட்டு மக்கள் சலித்துவிட்டார்கள் என்றே பேசினார்.

கேமரனின் நிலை இன்னும் சிக்கலானது. 2015 நவம்பரில், ஒன்றியத்துக்கு வெளியே பிரிட்டனால் பிழைக்கவே முடியாது என்பது உண்மையில்லை என்று அவரே தொழிலதிபர்கள் முன்னால் சொல்லியிருந்தார். ஏழு மாதத்தில், வெளியேறுவது பொருளாதாரத்துக்கு அடியில் குண்டு வைப்பது என்றார். அவ்வளவு ஆபத்து என்றால் ஏன் வாக்கெடுப்பு வைத்தீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லை.

மிகைப்படுத்துவது எச்சரிக்கிறவர் மட்டும் செய்கிற வேலையும் இல்லை. மே 9 அன்று கேமரன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பேசும்போது, ஐரோப்பாவில் அமைதி என்றென்றும் உறுதி என்று நம்மால் சொல்ல முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டார். அடுத்த நாளுக்குள் அது 'வெளியேறினால் மூன்றாம் உலகப் போர்' என்று உருமாறி, அவரைக் கேலி செய்யும் ஆயுதமானது. எதிராளியின் எச்சரிக்கையை ஊதிப் பெரிதாக்கி, பெரிதாக்கிய அதையே அடித்து வீழ்த்துவது. இதுவும் பயப் பிரசாரத்தின் ஒரு பகுதிதான், இதை நாம் கவனிப்பது குறைவு.

'அதெல்லாம் பூச்சாண்டி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இப்படித்தான் பலம் ஏறியது. அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், கணக்குக்குப் பதில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. எந்த எச்சரிக்கை மிகை, எந்த எச்சரிக்கை மெய் என்று பிரிக்க வேண்டியதும் இல்லை. என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். மிகையான கூற்றுகள் தோற்றுப்போனதோடு நிற்கவில்லை, மெய்யான எச்சரிக்கைகளையும் தங்களோடு இழுத்துக்கொண்டு போயின.

வெளியேறியதன் விலை பள்ளத்தாக்கில் விழுவது போல ஒரே நாளில் வரவில்லை. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது, அந்த ஆண்டின் கடைசி நாள் வரை பழைய வணிக விதிகளே தொடர்ந்தன. நீடித்திருந்தால் இருக்கக்கூடியதைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில் சுமார் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் என்ற தன்னாட்சி அமைப்பின் மதிப்பீடு. 2016 ஏப்ரல் அறிக்கை பேசிய அதே வகையான மெதுவான தேய்மானம் இது, எண்ணும் ரொம்பத் தள்ளிப் போய்விடவில்லை. ஆனால் மக்களிடம் பள்ளத்தாக்கு என்று சொல்லியிருந்தார்கள். பள்ளத்தாக்கு வராததால் சரிவு யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. 2016 ஜூன் 9 அன்று முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் வடக்கு அயர்லாந்தின் டெரி நகரத்துக்குப் போனார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், 1998ஆம் ஆண்டு அமைதி ஒப்பந்தத்துக்காக ஆளுக்கொரு காலத்தில் உழைத்தவர்கள். வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதையொட்டிய அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. பிரிட்டன் வெளியேறினால் நடுவிலுள்ள சுமார் 500 கிலோமீட்டர் எல்லை என்னவாகும், பாடுபட்டுக் கொண்டுவந்த அமைதி என்னவாகும் என்று கேட்டார்கள். வெளியேறும் பக்கம் நின்ற அங்கத்தியத் தலைவர்கள் பொறுப்பற்ற பேச்சு என்று ஒதுக்கினார்கள். லண்டன் பத்திரிகைகளில் அது 4,300க்கும் துருக்கிக்கும் நடுவில் ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்தது.

பின்னால் வந்த நான்கு வருடப் பேச்சுவார்த்தையின் மையமுடிச்சே அந்த எல்லைதான். கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் மூன்று முறை தோற்றதற்கு முக்கியக் காரணம் அது. கடைசியில் அயர்லாந்துத் தீவின் நடுவே சோதனைச் சாவடி வைக்காமல், பிரிட்டனின் இரண்டு பகுதிகளுக்கு நடுவிலுள்ள கடலுக்கு அந்தச் சோதனை நகர்ந்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து, பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் டி.யு.பி. என்ற உள்ளூர்க் கட்சி ஆட்சிக்கு வெளியே நின்றதால் வடக்கு அயர்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் இரண்டு வருடம் முழுமையான அரசு இல்லை. ஸ்காட்லாந்தின் கேர்ன்ரயானில் கப்பல் ஏறி வடக்கு அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்தில் இறங்கும் லாரி, சொந்த நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் லாரிதான். 2023 அக்டோபரிலிருந்து அதற்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. சரக்கு வடக்கு அயர்லாந்திலேயே தங்கும் என்றால் பச்சை, எல்லையைத் தாண்டிக் குடியரசுக்குப் போகக்கூடும் என்றால் சிவப்பு.